மறைத்து வைத்த பிடி

"இந்த ஒத்தைப் பிடிக்காக என் வண்டியை ஓடவிடாம நிறுத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டார் கனகசபாபதி.

பந்தயத் திடலில் வண்டிகளைச் சோதித்து அனுமதி தருகிற பியூலாவை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

கனகசபாபதிக்கு ஐம்பத்தெட்டு. கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருப்பவர். அறுபத்திரண்டாம் வருஷத்துத் திறந்த கார் ஒன்றைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, பதினோரு வருஷம் இழைத்து இழைத்து எழுப்பியிருந்தார். அந்தச் சிவப்புப் பெயின்டை மட்டும் ஏழு தடவை அடித்தார், மனுஷன். நாளைக்கு அதற்கு முதல் பந்தயம்.

விதிகளுக்கு அவர் பணியவில்லை என்று சொல்லவே முடியாது. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற இரும்பு வளைவை வைத்தார். ஆறு பட்டை பெல்ட் வைத்தார். தீயணைக்கிற சிலிண்டர் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வயிறு எரிந்தது, ஆனாலும் வைத்தார்.

வெளியிலிருந்து எஞ்சினை நிறுத்துகிற பிடியில்தான் வந்தது வினை. அதை முன்கண்ணாடிக்குக் கீழே, பளிச்சென்று தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். கனகசபாபதி அதை முன்சக்கரத்து மட்கார்டின் உள்விளிம்பில் ஒளித்துவிட்டார்.

"இழுத்தா எஞ்சின் நிக்குதுங்க டீச்சர். அப்புறம் என்னங்க? அந்தச் சிவப்புல ஓட்டை போடச் சொன்னா என் நெஞ்சுல போடற மாதிரி இருக்குதுங்க."

பியூலா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கண்ணு பட்டுடும் சார், அவ்வளவு அழகு," என்றார். நிஜமாகவே சொன்னார். "இந்தப் பிடி யாருக்கு?"

"எனக்குத்தானுங்க. வண்டி என்னுதுதானே."

"சரி. ஏறி உட்காருங்க."

பெல்ட்டைப் பியூலாவே மாட்டிவிட்டார். எஞ்சினைப் போடச் சொன்னார்.

"இனி நீங்க பேசக் கூடாது. கையசைக்கக் கூடாது. கண் ஜாடையும் கூடாது."

"எவ்வளவு நேரமுங்க?"

"பேசக் கூடாதுன்னேனே."

அந்தப் பக்கம் திடலைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லாத்தாவைப் பியூலா கூப்பிட்டார்.

"அக்கா, இந்த வண்டி பத்தி எரியுதுன்னு வைங்க. உள்ளே சாருக்கு நினைவில்லை. எஞ்சினை நிறுத்த வெளியில ஒரு பிடி இருக்கு. இழுங்க."

செல்லாத்தா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கையால் தடவினார். ஒன்றுமில்லை. கதவைத் தட்டினார். முன்விளக்கைத் திருகினார். பின்பக்கம் ஓடினார், குனிந்து பார்த்தார், திரும்பி வந்தார்.

ஐயோ, இன்னும் ஒரு முழம்தானே! கனகசபாபதிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"காணோமுங்க டீச்சர்!"

பியூலா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

செல்லாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. தேடுவதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கனகசபாபதியின் தோளைப் பிடித்து இழுத்தார். பெல்ட் விடவில்லை.

"எங்கேன்னு சொல்லுங்க சாமி! வாயைத் திறந்து சொன்னா என்னங்க!"

குரல் உடைந்துவிட்டது. முன்பின் பார்த்திராத மனுஷி, அவருக்காகக் கண்ணில் தண்ணீரோடு நின்றார்.

"அவரால சொல்ல முடியாதுக்கா," என்றார் பியூலா.

கனகசபாபதிக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. எஞ்சினை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றினார்.

சோதனை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கனகசபாபதி இறங்கி செல்லாத்தாவிடம் வந்தார்.

"அம்மா, முதல்ல எங்கே தேடுனீங்க?"

"இங்கேதானுங்க," என்று செல்லாத்தா அந்தச் சிவப்பின் மேல் கையை வைத்துக் காட்டினார்.

"கையை எடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் டிரில் மெஷினை எடுக்க ஓடினார்.