இடது காலின் கனம்

கோவை சரவணம்பட்டியில் பந்தயக் கார் சிமுலேட்டர் ஓட்டக் கற்றுத்தரும் பெனாசிருக்கு வயது இருபத்தாறு. அவளிடம் பாடம் கேட்கும் நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர். அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கூச்சப்பட்டவள், மனிதர் விடுவதாயில்லை என்று தெரிந்ததும் பழகிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவளை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் இருக்கையும் ஸ்டீயரிங்கும் பெடலும் திரையுமாகச் சிமுலேட்டர் நின்றது. ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மேசை என்று அதை எப்போதோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"ஆக்சிலேட்டர் தனி, பிரேக் தனின்னு வாங்கி மாட்டியாச்சுங்க குருவே. அதுக்கொரு வயர், இதுக்கொரு வயர். ஆனா வண்டி முன்னைவிட மெதுவாப் போகுது."

"பார்த்துக்கலாம் சார். என்ன அவசரம்?"

"நாளைக்குப் பையனோட ரேஸுங்க."

மகன் அகிலன் ஜெர்மனியில் இருந்தான். ஞாயிறுதோறும் இருவரும் இணையத்தில் ஒரே தடத்தில் ஓட்டுவார்கள். ஓட்டும்போது ஹெட்போனில் பேச்சு. வாரத்தில் அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். அப்பாவின் ஆமை வேகம் அலுத்துப்போய் அவன் போன வாரம் சொல்லிவிட்டான், "இனியும் இப்படியே வந்தீங்கன்னா நான் ஃபிரெண்ட்ஸோட ஓட்டிக்கறேன்ப்பா." அதைக் கேட்ட மறுநாளே அவர் புதுப் பெடல்களை வாங்கிவிட்டார்.

"ஓட்டுங்க, பார்க்கறேன்" என்றாள் பெனாசிர்.

ஓட்டினார். திரையின் ஓரத்தில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்கப் பச்சை ஏறியது. பக்கத்தில் பிரேக்கின் சிவப்பும் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது.

"இடது காலால பிரேக்கை மிதிக்கறீங்க சார்."

"சத்தியமா இல்லைங்க. பெடல் அசையவே இல்லை பாருங்க."

"இது அசைவைப் பார்க்காது. கனத்தைப் பார்க்கும். பழைய பெடல்ல நீங்க காலை வெச்சிருந்தாலும் அவ்வளவாத் தெரியாது. இதுல சும்மா வெச்சாலே பிரேக்தான்."

அவள் குனிந்து பிரேக்கின் வயரைப் பிடுங்கினாள். கார் நேர்ச்சாலையில் பறந்தது. முதல் வளைவில் நிறுத்த வழியில்லாமல் சுவரில் போய் முட்டியது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தக் கனத்தை மட்டும் கணக்குல எடுத்துக்காதேன்னு கம்ப்யூட்டர்ல வெக்க முடியுங்களா?"

"ஒரு நிமிஷ வேலை. ஆனா எங்கிட்ட கிளாஸ்ல ஓட்டும்போது நீங்க காலை அங்க வெக்கறதே இல்லையே சார்."

அவர் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"ரேஸ் முடிஞ்சா பையன் 'சரிப்பா'ன்னு போயிருவான். அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமைதானுங்க. கொஞ்சம் மெதுவா முடியட்டுமேன்னு, இந்த சீட்ல உக்காந்தாலே காலு தானாப் போகுதாட்ட இருக்குது. நான் வேணும்னு பண்ணலைங்க."

பெனாசிர் வயரை மறுபடி செருகினாள். சிவப்புப் பட்டை பழையபடி கொஞ்சம் ஏறி நின்றது.

"சார், நீங்க அமுக்கறது உங்க பிரேக். உங்க பையன் வண்டி போய்க்கிட்டேதான் இருக்கு."

நாச்சிமுத்து குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு திரையில் சிவப்பு மெல்ல இறங்கி, இல்லாமல் போனது.