கரை ஒதுங்கிய இறகுகள்

கோரையேரியின் கிழக்குக் கரையில் ஓர் ஈமு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் நெடுங்காலன். அதன் வயிற்றின்கீழ்க் கரும்பச்சை நிறத்தில் ஆறு முட்டைகள் இருந்தன.

ஈமுக்களில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவது தாய், அடைகாப்பது தந்தை. முட்டை பொரியும்வரை தந்தை இரை தேடுவதில்லை. இடத்தைவிட்டு அகல்வதும் இல்லை. நெடுங்காலன் அமர்ந்து நாற்பத்தாறு நாள்கள் ஆகியிருந்தன. முட்டைகள் பொரிய இன்னும் பத்து நாள்கள் வேண்டும்.

அன்று காலை ஏரிப் பறவைகள் அதனைச் சூழ்ந்து கூடின. கொக்குகளும் நாரைகளும் கிளைகளில் அமர்ந்தன. புள்ளிமூக்கு வாத்துகள் கரையோர நீரில் மிதந்தன. வாத்துகளின் தலைவி பொன்னலகியே கூட்டத்தைக் கூட்டியிருந்தது.

“நெடுங்காலரே, இது பறவைகளின் ஏரி. பறப்பவர்க்கே இங்கே கூடு கட்டும் உரிமை உண்டு. நீர் பறப்பதில்லை. ஆகவே, இடத்தைக் காலி செய்ய வேண்டும்” என்றது பொன்னலகி.

“நான் பண்ணை வேலியைத் தாண்டி இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாள் கேட்காததை இன்று ஏன் கேட்கிறீர்கள்?”

“இன்றுதான் கேட்கத் தோன்றியது.”

பட்டுப்போன கருவேல மரத்தின் உச்சியிலிருந்து ஒரு நீர்க்காகம் குரல் கொடுத்தது. “இறகா ஐயா அது? தேங்காய் நாரை அல்லவா போர்த்தியிருக்கிறீர். பாத்திரம் துலக்கலாம் போலிருக்கிறதே.”

கிளைகளில் சிரிப்பு எழுந்தது.

“நார் போன்றதுதான்” என்றது நெடுங்காலன். “உங்கள் இறகின் இழைகள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. அதனால் காற்று ஊடுருவாது, பறக்கிறீர்கள். என் இழைகளுக்குக் கொக்கி இல்லை. உங்கள் நெஞ்செலும்பில் படகின் அடிக்கட்டையைப் போல ஒரு முகடு இருக்கிறது. சிறகடிக்கும் தசை அதைத்தான் பற்றி நிற்கிறது. என் நெஞ்செலும்பு தட்டையானது. உங்களுக்கு நெஞ்சில் உள்ள வலிமை எனக்குத் தொடையில் உள்ளது. மற்றபடி நானும் முட்டையிலிருந்துதான் வந்தேன்.”

“முதலையும் முட்டையிலிருந்துதான் வருகிறது” என்றது நீர்க்காகம்.

“முதலைக்கு இறகு இல்லை, தம்பி. இருந்திருந்தால் அதுவும் உன்னைப் போல நனைந்த சிறகை விரித்து, நாள் முழுவதும் வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும்.”

இம்முறை எல்லாரும் நீர்க்காகத்தைப் பார்த்துச் சிரித்தனர். பொன்னலகிக்கு அது பிடிக்கவில்லை.

“வீண்பேச்சு வேண்டா. மூன்று நாள் தவணை தருகிறோம். நான்காம் நாள் நாங்கள் அனைவரும் திரண்டு வந்து உம்மை எழுப்புவோம்.”

“நான் எழுந்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும், தலைவி. உள்ளே உயிர் அசைகிறது. பத்து நாள் பொறுங்கள். பிறகு நாங்களே நடந்து போய்விடுகிறோம்.”

“முட்டைகளை உருட்டிக்கொண்டு போமே” என்றது ஒரு நாரை.

நெடுங்காலன் ஏதோ சொல்ல அலகைத் திறந்தது. கழுத்தை உயர்த்திக் கூட்டத்திற்கு அப்பால் நோக்கியது. பின்னர் அலகை மூடிக்கொண்டது.

“பாருங்கள், விடை இல்லை” என்றது பொன்னலகி. கூட்டம் கலைந்தது.

பொன்னலகியின் அவசரத்திற்குக் காரணம் வேறு. பெரும்பாலான பறவைகளுக்குச் சிறகின் இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒவ்வொன்றாக முளைக்கும். வாத்துகளுக்கு அவ்வாறன்று. ஆண்டுக்கு ஒருமுறை, குஞ்சுகள் வளர்ந்தபின், பறக்க உதவும் இறகுகள் அனைத்தும் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். புதியவை முளைக்கும்வரை மூன்று, நான்கு வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே இயலாது. அந்நாள்களில் அவை கோரைக்குள் ஒளிந்திருக்கும். பிறரிடம் அதைச் சொல்வதில்லை. தங்களுக்குள்ளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அக்குலத்தின் வழக்கம் அது.

அவ்வாண்டு மழை குறைவு. ஏரி வற்றிக் கோரை மெலிந்திருந்தது. அந்த நீண்ட கழுத்துச் சற்று எட்டிப் பார்த்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்துவிடும். இறகு உதிருமுன் ஈமுவை அகற்றிவிட வேண்டும் என்று பொன்னலகி எண்ணியது.

ஆனால் இறகுகள் தவணைக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாளே உதிரத் தொடங்கின. அவற்றைக் காற்று கிழக்குக் கரைக்கு அடித்துச் சென்றது. மூன்றாம் நாள் விடிந்ததும் பொன்னலகி பதறிக்கொண்டு புறப்பட்டது. பறக்க வழியில்லை. நீந்தி, சேற்றில் நடந்து, கரையேறியது.

கரை துடைத்தாற்போல் இருந்தது. ஒரே ஓர் இறகு மட்டும் எஞ்சியிருந்தது. நெடுங்காலன் அமர்ந்தபடியே கழுத்தை நீட்டி அதைக் கவ்வியது. தன் வயிற்றின்கீழ்ச் செருகிக்கொண்டது.

“என்ன செய்கிறீர்?”

“ஒளித்து வைக்கிறேன். இத்தனை இறகுகள் கரையில் கிடந்தால் நரி புரிந்துகொள்ளும்.”

பொன்னலகி தன் மொட்டைச் சிறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டது. “உமக்கு எப்போது தெரியும்?”

“சென்ற ஆண்டே தெரியும். அப்போது கரை முழுவதும் நடந்து பொறுக்கினேன். இவ்வாண்டு கழுத்து எட்டும் தொலைவுதான்.”

“அப்படியானால் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை? ‘தலைவிக்கும் ஒரு மாதம் பறக்க வராது’ என்று சொல்லியிருந்தால் அன்றே வழக்கு முடிந்திருக்குமே. உம் முட்டைகள் தப்பியிருக்குமே.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆவாரம் புதருக்குப் பின்னால் நரி படுத்திருந்தது. காதுகள் இரண்டும் நிமிர்ந்திருந்தன.”

“நாங்கள் யாரும் பார்க்கவில்லையே.”

“எப்படிப் பார்ப்பீர்கள்? எல்லாரும் என் நார் இறகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.”

பொன்னலகி ஆவாரம் புதரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: “உம் முட்டைகளைவிட எங்கள் கூட்டம் உமக்குப் பெரிதா?”

“இல்லை. எனக்கு என் முட்டைகளே பெரிது. ஆனால் உங்கள் எழுபது பேரை நரிக்குக் காட்டிக்கொடுத்து அவற்றைப் பொரிக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.”

நான்காம் நாள் நண்பகலில் பறவைகள் திரண்டு வந்தன. பொன்னலகி மட்டும் கரையோரமாக நடந்து வந்தது.

“தலைவி ஏன் கால்நடையாக வருகிறீர்கள்? அவரிடம் பாடம் படிக்கிறீர்களா?” என்று நீர்க்காகம் கேட்டது.

பொன்னலகி நெடுங்காலன் பக்கம் திரும்பியது. “நெடுங்காலரே, புதரில் யாராவது இருக்கிறார்களா?” என்றது.

நெடுங்காலன் நாற்புறமும் நோக்கியது. “இல்லை. வெயிலுக்கு அஞ்சி அது வளைக்குப் போய்விட்டது.”

அப்போது பொன்னலகி தன் சிறகுகளை விரித்தது. அவற்றின் ஓரத்தில் ஓர் இறகுகூட இல்லை. கோரைக்குள்ளிருந்து பார்த்த வாத்துகள் வெட்கத்தால் தலை கவிழ்ந்தன.

“இன்னும் மூன்று வாரங்களுக்கு என்னால் பறக்க இயலாது. என் குலத்தார் எவராலும் இயலாது. பறக்காதவர்களை விரட்டுவதென்றால் என்னிடமிருந்து தொடங்குங்கள். நான் இட்ட சட்டம் தவறானது. அதை இட்ட காரணம் அதனினும் தவறானது.”

நீர்க்காகம் விரித்திருந்த சிறகை மடக்கிக்கொண்டது.

“இத்தனை ஆண்டுகளும் தனியாகவா ஒளிந்திருந்தீர்கள்? எங்களிடம் சொல்லியிருந்தால் உச்சிக்கிளையிலிருந்து காவல் காத்திருப்போமே” என்றது அது.

அன்றுமுதல் நீர்க்காகங்கள் முறைவைத்துக் காவல் இருந்தன. நரி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் கிளையிலிருந்து கூச்சல் எழுந்தது. வாத்துகள் ஆழத்திற்கு நீந்திச் சென்றுவிட்டன. யாரும் நெடுங்காலனை எழுப்பவில்லை.

அதிலிருந்து ஏழாம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஒன்று கூமுட்டையாயிற்று, ஐந்து குஞ்சுகள் வரிவரியான உடலோடு வெளியே வந்தன. ஐம்பத்தாறு நாள்களுக்குப் பின் நெடுங்காலன் எழுந்தது. கால்கள் தள்ளாடின. குஞ்சுகள் பின்தொடர, மெல்ல நடந்து சென்று ஏரியில் நீர் அருந்தியது.

தன் குறையை மறைப்பதற்காகப் பிறரைக் குறை கூறுபவர், அக்குறையை அறிந்தும் வெளியிடாத ஒருவரின் பெருந்தன்மையால்தான் பல நேரங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.