நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நல்லபெருமாள் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தபோது இரண்டு சிவப்புப் பேனாக்கள் தீர்ந்திருந்தன.

புத்தகத்தின் பெயர் 'ஆய்வுக்கூடச் சாவி'. எழுதியவர் இஸ்ரவேல், வேதியியல் ஆசிரியர். நல்லபெருமாள் தமிழாசிரியராக இருந்த பள்ளியில் இருபத்தேழு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஓய்வு பெற்றதும் தம் வாத்தியார் வாழ்க்கையை எழுதி, முதல் பிரதியில் 'அன்பு நண்பருக்கு' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

தமிழ் படித்தவன் சும்மா இருக்க, அமிலத்தையும் காரத்தையும் கலக்கிக்கொண்டிருந்தவர் நூலாசிரியர் ஆகிவிட்டார். அதை நல்லபெருமாள் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். வெளியீட்டு விழாவுக்குப் புனேயிலிருந்து தம் மகன் இளம்பரிதி வருகிறான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் பணி நிறைவு விழாவுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆகவே பிழைப் பட்டியல் ஒன்று தயாரானது. முழுத்தாளில் பதினொரு பக்கம். மதிப்புரை என்ற பெயரில் ஒரு மாத இதழுக்கு அனுப்புவதாக உத்தேசம். அதற்கு முன் தம் ஆசிரியரிடம் ஒரு சபாஷ் வாங்கிவிட நினைத்தார்.

அவருடைய ஆசிரியர் புலவர் அனவரதநாயகத்துக்கு எண்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் மாடி அறை, ஜன்னலோர நாற்காலி, கையில் பூதக்கண்ணாடி. வியாழக்கிழமை புத்தகத்தையும் பட்டியலையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்த நல்லபெருமாள், விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் போனார்.

"வாரும் வே. இரும்."

"படிச்சீங்களா ஐயா?"

"ரெண்டையும் படிச்சேன். புஸ்தகம் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. உம்ம பட்டியல்தான் இழுத்துது."

"நூற்று நாற்பத்து மூணு பிழை ஐயா. இப்படி ஒரு புஸ்தகம் வரலாமா?"

"வரப்படாது."

நல்லபெருமாளுக்குத் தெம்பு வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அருமையா பாத்திருக்கீரு," என்றார் புலவர். "நூற்றுப் பதினொண்ணுல மூணு. நூற்றுப் பதிமூணுல ரெண்டு. நடுவுல ஒரு பக்கத்தைக் காணோமே?"

"அதுல பிழை இல்ல ஐயா."

"அப்படியா? நாலு இருக்கு."

புலவர் பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தார். வகுப்பில் வாசித்த அதே குரல்.

'ஒரு தமிழாசிரியரின் மகன் ஒன்பதாம் வகுப்பில் என்.சி.சி. முகாமுக்குப் போனான். கூடாரத்துக்குள் பாம்பு புகுந்த கதையை அப்பாவுக்குக் கடிதமாக எழுதினான். முகாம் முடிவதற்குள் கடிதம் அவனுக்கே திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு, கீழே மதிப்பெண்ணோடு. ஊருக்கு வந்ததும் பள்ளியில் என்னிடம் காட்டினான். எனக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அதனால் பாம்பைப் பற்றிக் கேட்டேன். அவன் சொல்லச் சொல்லக் கை நடுங்கியது, கண் விரிந்தது. பாதியில் மணி அடித்துவிட்டது.'

"பேரைப் போடலை," என்றார் நல்லபெருமாள். "போடாட்டா என்ன, ஊருக்கே தெரியும்."

"தெரியும்."

"எம் புள்ள ஐயா! எங்கிட்ட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினதில்ல. இவர்ட்டப் போயி கை நடுங்கியிருக்கான், கண் விரிச்சிருக்கான். பெத்தது நான். ராத்திரி பகலா வளத்தது நான்."

"தமிழும் சொல்லிக் கொடுத்தீரு."

"ஆமா, அதையும்தான்!"

"கடுதாசிக்கு மார்க்கு எவ்வளவு போட்டீரு?"

நல்லபெருமாள் கொஞ்சம் தயங்கினார். "அறுபத்திரண்டு."

"தாராளம்தான். உமக்கு நான் அவ்வளவு போட்டதில்ல. பிழை எத்தனை?"

"ஒன்பது."

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஞாபகம் இருக்கோ?"

"ஒவ்வொண்ணும் இருக்கு ஐயா."

"பாம்பு?"

"'பாம்பை'க்கு அப்புறம் ஒற்று விட்டிருந்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

புலவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு மீன்காரி தெருவை எழுப்பிக்கொண்டு போனாள்.

"அந்தச் செவப்புப் பேனாவை உம்ம கையில கொடுத்தது நான்தான்," என்றார் புலவர். "அது கிடக்கட்டும். இந்தப் பக்கத்தை எத்தனை தடவை படிச்சீரு?"

"பத்துப் பதினோரு தடவை இருக்கும்."

"பதினோரு தடவையும் நாலு பிழையில ஒண்ணுகூடக் கண்ணுல படலை."

"எழுத்து தெரியலை ஐயா," என்றார் நல்லபெருமாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

புலவர் பட்டியலை நான்காக மடித்து நீட்டினார்.

"பத்திரிகைக்கு எதுக்கு? இஸ்ரவேலுக்கே அனுப்பும். அடுத்த பதிப்புக்கு ஆகும். அந்த நாலையும் சேர்த்துக்கிடும்."

நல்லபெருமாள் வாங்கிக்கொண்டார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"பையன் எப்ப வாரான்?"

"நாளைக்குக் காலையில ஐயா. நேரே வீட்டுக்குத்தான் வாரான். விழா சாயந்திரம்."

"என்ன பேசுவீரு?"

"என்ன இருக்கு பேச? எல்லாத்தையும்தான் அவர்ட்டச் சொல்லிட்டானே."

"எங்க சொன்னான்? பாதியில மணி அடிச்சிருச்சுல்லா?" புலவர் புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தார். "அந்தப் பாம்பு என்ன ஆச்சுன்னு கேளும்."