கரையாத மருந்து

“கசக்குது சித்தி. நேத்தும் கசந்துச்சு. நாளைக்கும் கசக்கும். அம்மா வந்து குடுத்தாத்தான் குடிப்பேன்.”

அக்கா மகள் லிடியா சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்துவிட்டு, நேசமலர் பாட்டிலை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

“உங்க மருந்தை நீங்களே குடிங்க, டீச்சர். புடவையெல்லாம் துப்பிட்டா.”

குரு பிலோமினாவுக்கு முப்பத்தொரு வயது, சிஷ்யை நேசமலருக்கு நாற்பத்தாறு. மலைமேல் இருந்த அந்தச் சின்னக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் மருந்து செய்யக் கற்றுக்கொடுப்பது இளையவர். அதட்டுவது மட்டும் மூத்தவள்.

சன்னல் வழியே வந்த மூடுபனி தராசின்மேல் உட்கார்ந்திருந்தது.

“இது உப்பு வடிவம், அக்கா. மருந்து அமிலத்தோட சேர்ந்து நிக்குது. அதனால தண்ணியில கரையுது. கரையறதால நாக்கு கண்டுபிடிச்சிடுது.”

பிலோமினா தெளிந்த மருந்தில் சமையல் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குவளைக்குள் ஒரு மேகம் பிறந்தது. அவசரமே இல்லாமல், வெள்ளை வெள்ளையாக அடியில் இறங்கியது. எதற்கும் பொறுமை இல்லாத நேசமலர்கூட இமைக்க மறந்து நின்றாள்.

“அமிலம் விலகிடுச்சு. இப்ப மருந்து தனியா இருக்கு.”

வடிகட்டிக் கழுவி, ஒரு சிட்டிகை நீட்டினார். நேசமலர் நாக்கில் வைத்தாள். வெறும் மாவு.

“கரையாததைக் குடிச்சு என்ன பிரயோஜனம்?”

“வயித்துல அமிலம் இருக்கே. அங்க போய்க் கரையும்.”

சர்க்கரைப் பாகில் கலக்கிய மருந்தை வாங்கிக்கொண்டும் நேசமலர் நகரவில்லை. லிடியாவின் அம்மா இதே காய்ச்சலில் போய் ஒன்பது நாள். பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

“அம்மா ஊருக்குப் போயிருக்கான்னேன். பஸ் இல்லன்னேன். பொய் தீர்ந்துபோச்சு டீச்சர், இன்னிக்குச் சொல்லியாகணும். சாமி கூப்பிட்டுக்கிட்டார், நட்சத்திரமா இருக்கா, உன்னையே பாத்துக்கிட்டிருக்கா... எதைச் சேத்துச் சொல்லட்டும்?”

“எதையும் சேக்காதீங்க. அம்மா செத்துட்டா. அவ்வளவுதான்.”

“எட்டு வயசுப் பிள்ளை. அந்த வெறும் உண்மையை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?”

“அதைக் கரைக்கத் தேவையானது அவளுக்குள்ளயே இருக்கு, அக்கா.”

நேசமலர் வாசல்வரை போனாள். எதிரே லிடியா படுத்திருந்த வார்டு, பனிக்குள் தரைதொடாமல் மிதந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். பிலோமினா குவளையைக் கழுவத் தொடங்கியிருந்தார்.

“நீங்களும் கூட வாங்களேன், டீச்சர்.”