மரகதம் அக்காவைப் பற்றி ஒரு சிறப்புக் கட்டுரை

ஆண்டவன் அறிவைப் படியளந்த அன்றைக்கு வரிசையில் நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் மூன்று பேர் எப்படியோ பூவரசநல்லூர் கலைக் கல்லூரியில் ஒன்றுசேர்ந்து ஒரு மாணவர் பத்திரிகை நடத்தினார்கள். பத்திரிகையின் பெயர் ‘கூர்வாள்’. வெண்டைக்காய்கூட நறுக்காது.

இன்பத்தமிழன் ஆசிரியர். ஸ்டெல்லாவும் ரபீக்கும் செய்தியாளர்கள். போன இதழின் தலைப்புச் செய்தி, ‘நம் கல்லூரி ஆண்டு விழா இனிதே தொடங்கி இனிதே முடிந்தது.’ அந்த இதழில்தான் கேன்டீன்காரர் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார். பஜ்ஜி ஆறட்டும் என்று காத்திருந்தவர்கள் பொழுது போகாமல், சுவரில் இருந்த ‘எச்சில் துப்பாதீர்’ என்பதை நாலு தடவை படித்தார்கள். கையில் இருந்த கூர்வாளை ஒருத்தரும் படிக்கவில்லை.

முதல்வர் கனகசபாபதி மூவரையும் கூப்பிட்டார். “பதினஞ்சு நாள் தர்றேன். ஒரே ஒருத்தன் உட்கார்ந்து முழுசாப் படிக்கிற மாதிரி ஒரு கட்டுரை போடுங்க. இல்லேன்னா உங்க அறையில உடைஞ்ச பெஞ்சை அடுக்கிடுவேன்” என்றார்.

இன்பத்தமிழனுக்கு அந்த அறையை விட மனமில்லை. அந்த அறைக் கதவில் ‘இன்பத்தமிழன், ஆசிரியர்’ என்று ஓர் அட்டை ஒட்டியிருந்தான். கல்லூரியில் அவன் பெயர் பிழையில்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான். தேர்வுத்தாளிலேயே இரண்டு தடவை தப்பாக எழுதியவன் அவன்.

மூவரும் இதழியல் பேராசிரியர் மணவாளனிடம் ஓடினார்கள். அவர் பாவம், நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கு உவமை சொல்லிப் பேசும் கெட்ட பழக்கம் உண்டு.

“விழா, கூட்டம்னு எழுதாதீங்க. மனுஷங்களைப் பத்தி எழுதுங்க. தினமும் பார்க்கிற ஆளாத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் முழுக்க அவங்க நிழல் மாதிரி கூடவே இருங்க” என்றார்.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மரகதம் அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை எல்லாம் சரி. மறுநாள் காலை கடை திறக்கும்போது ஆலோசனை ஆரம்பமானது.

“காலையில நிழல் மேற்கே விழும். அந்தப் பக்கம் படுக்கணும்” என்றான் இன்பத்தமிழன்.

“ஒரு ஆளுக்கு மூணு நிழல் எப்படி?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

ரபீக் கடைக்குள் எட்டிப் பார்த்தான். “மூணு டியூப்லைட் இருக்கு.”

எவ்வளவு நுட்பமான ஆள் என்று இன்பத்தமிழன் வியந்தான். மூவரும் வரிசையாகத் தரையில் படுத்துக்கொண்டார்கள்.

“என்னடா வேணும் உங்களுக்கு?” என்று அக்கா கேட்டாள். நிழல் பேசாது என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா கையைத் தூக்கினால் மூவரும் படுத்தபடியே கையைத் தூக்கினார்கள். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் வந்துவிடும் அல்லவா? மூவரும் மேசைக்கு அடியில் ஊர்ந்து அக்காவின் காலடிக்குப் போனார்கள். அக்கா ரபீக்கின் விரலை மிதித்தாள். அவன் அலறினான்.

“நிழல் கத்தாதுடா!” என்று ஸ்டெல்லா கத்தினாள்.

அக்கா விளக்குமாற்றை எடுத்தாள். மூன்று நிழல்களும் தெருவுக்கு வந்தன. குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை.

பேராசிரியர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். “கேள்வி கேக்காம எப்படிப்பா? ஒவ்வொரு மனுஷனுக்குள்ளயும் ஒரு கதை புதைஞ்சு கிடக்கு. தோண்டித் துருவிக் கேக்கணும்.”

மறுநாள் ரபீக் தோட்டக்காரரின் கடப்பாரையோடு வந்தான். ஸ்டெல்லா விடுதிச் சமையலறையிலிருந்து தேங்காய்த் துருவியைக் கொண்டுவந்தாள். அவன் கடை வாசலைத் தோண்ட, அவள் மேசை விளிம்பைத் துருவ, இன்பத்தமிழன் நடுவில் நின்று, “சொல்லுங்க அக்கா” என்றான்.

இந்த மூன்று மூளையையும் பார்த்ததில் அக்காவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தன்னிடம் யாரும் ‘சொல்லுங்க’ என்று கேட்டதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“இருபத்திரண்டு வருஷம் ஆச்சு தம்பி. பத்தாங்கிளாஸோட நின்னவ நான். மெஷின்ல ஓடுற நோட்ஸை ஒவ்வொண்ணாப் படிச்சுப் படிச்சே தபால் வழியில எம்.ஏ. முடிச்சேன். யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு கேளு. உங்க முதல்வர் வாங்கின ஆராய்ச்சிப் பட்டம் இருக்கே, அது வேற ஒருத்தரோட ஆய்வேடு. முதல் பக்கம் மட்டும்தான் புதுசு. மிச்சம் முன்னூறு பக்கமும் இந்தக் கையாலதான் ஜெராக்ஸ் போட்டேன். மூலம்கூட உள்ளே இருக்கு, எடுத்துக் காட்டவா?”

ஒரு நிருபர் ஆயுள் முழுக்கத் தவமிருந்தாலும் கிடைக்காத வரம் வாசலில் வந்து நின்றது. இன்பத்தமிழன் கையை உயர்த்தினான்.

“அக்கா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க. இன்னும் தோண்டி முடிக்கல.”

அந்த நேரம் பார்த்துக் கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது. தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. மூன்றாம் ஆண்டு வேதியியல் நோட்ஸ் நூறு பிரதி நனைந்து கூழானது.

“உங்க மூணு பேரையும் அடுக்கி வெச்சு ஜெராக்ஸ் எடுத்தாலும் வெள்ளைத் தாள்தான்டா வரும்!” என்றாள் அக்கா.

ஸ்டெல்லா அன்றைய குறிப்பை எழுதினாள்: ‘ஆழம், ஒன்றரை அடி. மண், செம்மண். கதை எதுவும் தென்படவில்லை. தண்ணீர் வந்தது.’

எழுத உட்காரும் முன் மறுபடி பேராசிரியரிடம் போனார்கள். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “தயவுசெய்து கண், காது, மூக்கு வெச்சு எழுதாதீங்க.”

ஆகவே கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘மரகதம் அக்காவுக்கு ஒரு நெற்றி உண்டு. அதற்குக் கீழே வாய் இருக்கிறது.’ புகைப்படத்திலும் வெள்ளை மையால் கண், காது, மூக்கை அழித்தார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது.

“மூக்குக்கண்ணாடி இருக்கட்டுமா?” என்று ரபீக் கேட்டான்.

“எதுல மாட்டும்? மூக்குதான் இல்லையே” என்றாள் ஸ்டெல்லா.

இன்பத்தமிழன் நெடுநேரம் யோசித்தான். ஆசிரியர் வேலை எத்தனை பொறுப்பானது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “கையில பிடிச்சுக்கட்டும்” என்று தீர்ப்புச் சொன்னான். கண்ணாடியை வெட்டிக் கையருகில் ஒட்டினார்கள்.

அச்சுக்குப் போகும் முன் பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் அதற்குள் மருத்துவ விடுப்பில் இருந்தார். “முடிவைச் சட்டுனு சொல்லிடாதீங்க. வாசகன் தேடிப் பிடிச்சுப் படிக்கணும். கட்டுரை அவனை அப்படியே கட்டிப் போட்டுடணும்” என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். இன்பத்தமிழன் இரண்டையும் எழுதிக்கொண்டான். பிறகு ரபீக்கை அனுப்பி நைலான் கயிறு வாங்கிவரச் சொன்னான்.

இதழ் வெளியான காலையில் முதல்வரே அறைக்கு ஓடி வந்தார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மரகதத்தை மூன்று மணி நேரம் தோண்டித் துருவியதாக அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“எங்கடா அந்தக் கட்டுரை?”

தானாக வந்து கேட்கும் முதல் வாசகர். இன்பத்தமிழன் நெகிழ்ந்துபோய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். முதல்வர் உட்கார்ந்து வரிக்கு வரி தன் பெயரைத் தேடித் தேடிப் படித்தார். அந்த மும்முரத்தில், ரபீக் தன்னைச் சுற்றிச் சுற்றி நடப்பதை அவர் கவனிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டக் கையைத் தூக்கியபோதுதான் கை வரவில்லை என்று தெரிந்தது.

“டேய், என்னடா இது?”

“நீங்க படிங்க ஐயா. பக்கம் நான் புரட்டுறேன்” என்றாள் ஸ்டெல்லா.

கத்தலாம்தான். கத்தினால் ஆள் கூடும். கூடுகிறவர்கள் கையிலும் கூர்வாள் இருக்கும். முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் அவர் முகம் சாம்பலானது. ‘அப்போது அக்கா நம் முதல்வரின் ஆராய்ச்சிப் பட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். அது என்னவென்றால்… (தொடர்ச்சி 14ஆம் பக்கம்)’

“பதினாலாம் பக்கம் எங்கடா?”

“தேடணும் ஐயா” என்றான் இன்பத்தமிழன் பெருமையோடு.

“பத்திரிகையே பன்னிரண்டு பக்கம்தானேடா!”

“அதனாலதான் பதினாலு போட்டோம். பன்னிரண்டுக்குள்ள இருந்தா தேடாமலே கிடைச்சிடுமே.”

முதல்வரின் குரல் கம்மியது. “சரி, தேட வேண்டாம். மரகதம் என்ன சொன்னா? அதை மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?” என்றான் இன்பத்தமிழன். “அன்னிக்கு நாங்க தோண்டிட்டிருந்தோம், ஆராய்ச்சிப் பட்டம்னு ஏதோ சொன்னது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்னு எங்களுக்கும்தான் ஆசை. பதினாலாம் பக்கம் கிடைக்கட்டும், சேர்ந்து படிக்கலாம்.”

ஒரு வாசகர் இவ்வளவு ஆவலாய் இருக்கும்போது காக்க வைப்பது முறையில்லை என்று மூவரும் உடனே தேடக் கிளம்பினார்கள். பன்னிரண்டாம் பக்கம் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று ரபீக் மின்விசிறியை நிறுத்தினான். ஸ்டெல்லா கதவை வெளியே தாழிட்டாள்.

படியிறங்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “வழியில பதிமூணாம் பக்கம் கிடந்தா எடுத்துக்கலாமா?”

இன்பத்தமிழன் நின்று யோசித்தான்.

“வேண்டாம். ஐயா கேட்டது பதினாலு. பதிமூணைக் கையால தொடாதே.”