யானையாகிவிட்ட முன்பணம்

வெண்கொன்றை நகரை விறல்வேள் என்றொரு மன்னன் ஆண்டான். ஆண்டதைவிட அதிகமாக உண்டான். அரண்மனைக்கு எதிரே நாற்பது கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவனும் அவனே. கடை எடுப்பவர் ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தரவேண்டும். காலி செய்யும் நாளில் அது திருப்பித் தரப்படும். அதுவரை அரண்மனை அதைத் தொடாமல் காத்து வைக்கும். இவ்வாறு ஓலையில் எழுதி, முத்திரையும் குத்தி, நாற்பது பேருக்கும் கொடுத்திருந்தான்.

ஓலை கொடுத்த அதே மாதம், அந்தப் பணம் முழுவதையும் திரட்டி ஒரு யானை வாங்கினான்.

குறை சொல்ல முடியாத யானை. மன்னனைச் சுமந்துகொண்டு முனகாமல் நடக்கும் யானை அந்த நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஆறு ஆண்டுகள் சென்றன. ஒரு செவ்வாய்க்கிழமை, அதிரசக் கடை உமையாள் சபைக்கு வந்தாள்.

"மகாராசா, கடையைக் காலி செய்துவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறு கடை பேசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இங்கேயும் கடை இல்லை, அங்கேயும் இல்லை என்றால், அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டா ஊர் சுற்றுவேன்? என் பணத்தைக் கொடுங்கள்."

மன்னன் சிம்மாசனத்தில் நெளிந்தான். சிம்மாசனமும் நெளிந்தது.

"கவலைப்படாதே அம்மா. உன் பணம் பத்திரமாக இருக்கிறது."

"எங்கே?"

"யானைக் கொட்டிலில்."

"பணத்தைக் கொட்டிலில் வைப்பார்களா?"

"வைக்கவில்லை, அதுவே நிற்கிறது. உங்கள் நாற்பது பேருடைய பணமும் ஒன்றுசேர்ந்து யானையாக நிற்கிறது. எந்தத் திருடனாவது அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? இதைவிடப் பாதுகாப்பு ஏது?"

சபை கைதட்டியது. சம்பளம் வாங்கும் சபை அப்படித்தான் தட்டும்.

"நான் கொடுத்த பணம் கரும்பு தின்னாது, மகாராசா," என்றாள் உமையாள்.

மன்னன் தன் விகடகவி சேந்தன் பக்கம் திரும்பினான். "அடே சேந்தா! நாளை மறுநாள் வசந்த விழா. ஊர்வலத்தில் இவள் வழிமறித்து இப்படிப் பேசினால் என் மானம் போய்விடும். அதற்குள் இந்த வழக்கைத் தீர்த்துவிடு. கருவூலத்திலிருந்து ஒரு காசும் கேட்கக் கூடாது. யானையையும் விற்கக் கூடாது. தீர்க்காவிட்டால் இவளுடைய பணத்தை உன் சம்பளத்தில் பிடிப்பேன்."

"ஆகட்டும் அரசே. ஒரே ஒரு சந்தேகம். அந்த யானை இவர்களுடைய பணம்தான் என்று சொன்னீர்கள் அல்லவா?"

"சொன்னேன். மறுபடியும் சொல்வேன்!"

"எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். மன்னன் அதில் ஆபத்து எதையும் காணவில்லை. அவனுக்குச் சாப்பாட்டு வேளை வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை, பட்டும் பொன்னும் பூண்டு மன்னன் முற்றத்துக்கு வந்தான். வந்தவன் அப்படியே நின்றான். யானையின் மத்தகம் முதல் வால் வரை சுண்ணாம்புக் கோடுகள். நாற்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். காதுகள் விசிறிக் கடைக்காரருக்கு, துதிக்கை பூக்கடைக்காரருக்கு. முதுகின் நடுவே, மன்னனுடைய மெத்தைக்குக் கீழே, 'அதிரசக் கடை உமையாள்' என்று எழுதியிருந்தது.

"சேந்தா! என் யானையை என்னடா செய்தாய்?"

"விற்கவில்லை அரசே. உடையவர்களிடம் காட்டினேன், பங்கிட்டுக்கொண்டார்கள். வாலை ஏற்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் முடிதிருத்துபவர் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டார்."

"போதும்! ஊர்வலம் புறப்பட வேண்டும். ஏணியை வை!"

ஏணியின் மீது உமையாள் கையை வைத்தாள். "ஏறலாம் மகாராசா. இடம் என்னுடையது, அரை நாள் வாடகை ஒரு பணம். முன்பணம் தனி."

"முன்பணமா? மன்னனிடமேவா?"

"நான் ஆள் பார்த்து வாங்குவதில்லை."

வெளியே முரசு முழங்கியது. நடந்து போகலாமா என்று மன்னன் எண்ணினான், ஏழு தெருக்களையும், தன் இரண்டு முழங்கால்களையும் நினைத்தான், எண்ணத்தைக் கைவிட்டான். ஒரு பணத்தைக் கொடுத்துவிட்டுச் சுண்டுவிரல் மோதிரத்தைக் கழற்றினான். மற்ற விரல்களின் மோதிரங்கள் கழல மறுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

உமையாள் மோதிரத்தைத் துணியில் முடிந்து, முடிச்சில் அரக்கு வைத்து, எழுத்தரிடம் ஒப்படைத்தாள். "நானும் தொடக் கூடாது, அவரும் தொடக் கூடாது," என்றாள்.

ஊர்வலம் நகர்ந்தது. தெருவுக்குத் தெரு மக்கள் யானையைப் படித்தார்கள்.

"உமையாள் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த ஆள் யார்?"

"வாடகைக்கு வந்தவர்," என்று சேந்தன் பணிவோடு விளக்கிக்கொண்டே நடந்தான்.

நான்காம் தெருவில் மன்னனுடைய பொறுமை தீர்ந்தது. மேலிருந்தபடியே கருவூலத் தலைவரை நோக்கிக் கத்தினான். "விருந்துக்கு ஒதுக்கிய பணத்தை எடும்! நான் இறங்குவதற்குள் நாற்பது பேருடைய முன்பணமும் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எனக்கு, மற்றொன்று கடைக்காரர்களுக்கு. உமையாள் பணத்தை இன்றே அவள் கையில் கொடும்!"

"நான் ஒரு காசும் கேட்கவில்லை அரசே," என்றான் சேந்தன்.

"கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நட."

முற்றத்துக்குத் திரும்பியதும் உமையாள் தன் பணத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். துறைமுகம் போகும் வண்டி வாசலில் காத்திருந்தது. மன்னன் மூச்சு வாங்க இறங்கினான்.

"யானை இனி என்னுடையது. என் மோதிரத்தைக் கொடு."

"இடத்தைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்."

அவள் ஏணியில் ஏறினாள். மெத்தையை விலக்கினாள். உள்ளங்கையால் அழுத்தினாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தாள்.

"மகாராசா, கொடுத்தபோது இது மேடு. இப்போது பள்ளம்."

"பள்ளம் முன்பே இருந்தது! ஆறு ஆண்டுகளாக அங்கேதான் உட்காருகிறேன்!"

"இருந்திருக்கலாம். ஏறுவதற்கு முன் அதை எழுதி வாங்கினீர்களா?"

மன்னன் எழுத்தரைத் திரும்பி முறைத்தான். உமையாள் கீழே இறங்கி, அவனைத் தலை முதல் கால் வரை நிதானமாக அளந்து பார்த்தாள். பிறகு அரக்கு உடையாத முடிச்சை எழுத்தரிடமிருந்து வாங்கி மன்னன் கையில் வைத்தாள்.

"இந்த எடைக்கு இது நியாயமான தேய்மானம்தான். பிடித்தம் இல்லை."

மன்னன் சிரித்த சிரிப்பில் யானை இரண்டடி விலகி நின்றது. முடிச்சை அவிழ்க்காமலே அவன் அதைச் சேந்தனிடம் எறிந்தான். அது எவர் கையில் விழுந்தது என்று பார்க்க உமையாள் அங்கே இல்லை. அவளுடைய வண்டி துறைமுகச் சாலையில் திரும்பிவிட்டிருந்தது.