ஆறிய காலும் தூக்கிய காலும்

மூங்கில் மண்டிய ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் முக்கிளையன். அவனுக்குக் கொம்பு பெரிது. பேச்சு அதைவிடப் பெரிது.

அந்தக் கூட்டத்தில் கொன்றை என்ற பெண்மானும் இருந்தாள். அவளுடைய பின்னங்கால் ஒன்று குளம்புக்கு மேலே வளைந்து, தரையைத் தொடாமல் தொங்கும்.

"அக்கா, காலுக்கு என்ன ஆயிற்று?" என்று குட்டிகள் கேட்கும்.

கொன்றை வாயைத் திறப்பதற்குள் முக்கிளையன் முந்திக்கொள்வான். "ஒன்றும் ஆகவில்லை! வேட்டைக்காரர்கள் வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டினாள். பிய்த்துக்கொண்டு வந்தாள். ஆறிவிட்டது. நம் கூட்டத்து ரத்தம் அப்படி!"

நம் கூட்டத்து ரத்தமாம்! அந்த ரத்தம் ஓடைப் பாதையில் சொட்டியபோது கூட்டம் அங்கே இல்லை, குழந்தைகளே. கண்ணியில் கால் மாட்டியதும், "தலைவரே, நில்லுங்கள்!" என்று கொன்றை அலறினாள். முக்கிளையன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். "தானே வந்துவிடுவாள்" என்று சொல்லிவிட்டு ஓடினான். மற்ற மான்களும் அவன் பின்னால் ஓடின.

உச்சிவேளை வரை இழுத்து இழுத்து, கொஞ்சம் சதையைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டுத்தான் கொன்றை காலை உருவினாள். எலும்பும் முறிந்திருந்தது. பிறகு இரண்டு மாதம் ஓடைப் பாதையோரத்து நாணல் புதரே அவளுக்கு வீடு. புண்ணை நக்கினாள். ஈ மொய்த்தால் காலைச் சேற்றில் புதைத்துக்கொண்டாள். அசையாமல் கிடந்தால் எலும்பு கூடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழ முடியவில்லை, கிடந்தாள். எலும்பு கோணலாகக் கூடியது.

புதருக்கு மேலே ஓர் அத்திமரம். அதில் கரிமுகன் என்ற குரங்கு இருந்தான். அவன் தின்னும்போது கீழே விழுந்த பழங்கள்தான் அவளுக்கு உணவு.

"நீ போட்ட பழத்தால்தான் பிழைத்தேன், அண்ணா" என்றாள் கொன்றை, முதன்முதலாக எழுந்து நின்ற நாளில்.

"நான் எங்கே போட்டேன்? சிந்தினேன். எனக்கு ஒழுங்காகத் தின்னத் தெரியாது. நன்றி கின்றி சொல்லித் தொலைக்காதே" என்றான் கரிமுகன்.

நொண்டிக்கொண்டு வந்தவளைக் கூட்டம் கொண்டாடியது. "இவளல்லவா வீரி!" என்றது. விட்டுவிட்டு ஓடியதைப் பற்றி யாரும் பேசவில்லை. கொன்றையும் பேசவில்லை.

கோடை வந்தது. புல் கருகியது. ஓடைப் பாதையில் மட்டும் பச்சை தெரிந்தது.

"நாளைக் காலையில் ஓடைப் பாதைக்குப் போகிறோம்" என்றான் முக்கிளையன்.

"அங்கே கண்ணி இருக்குமே?" என்றது ஒரு தாய்மான்.

"இருந்தால் என்ன? கொன்றையைப் பாருங்கள். மாட்டினாள், ஆறிவிட்டது. மூன்று காலில் ஓடி நாலு காலை முந்துகிறாள்!"

கொன்றைக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. இரண்டு மாதம் நாணலுக்குள் விழுங்கிய வலியெல்லாம் கோபமாகத் தொண்டைக்கு ஏறியது. அவன்மீது வந்த கோபத்தில் பாதி அவள்மீதே திரும்பியது. 'வந்த அன்றே நான் ஏன் சொல்லவில்லை? வீரி, வீரி என்ற புகழ்ச்சியை அசைபோட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே! இப்போது என் காலைக் காட்டியல்லவா குட்டிகளைக் கண்ணிக்கு அழைக்கிறான்!'

அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள். "அங்கே போக வேண்டாம், தலைவரே. மேட்டுச் சரிவில் இலுப்பைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. தூரம்தான். ஆனால் கம்பி இல்லை."

"மேட்டில் ஏற உன்னால் முடியுமா?" என்று முக்கிளையன் சிரித்தான். "பழசை மனத்தில் வைத்துக்கொண்டு பேசாதே, பெண்ணே. ஆறியதை ஏன் கீறுகிறாய்?"

"ஆறியது என் கால். ஆற்றியது நான். அதை எடுத்து ஊருக்குக் காட்ட நீங்கள் யார்?"

முக்கிளையன் கொம்பைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை. கூட்டம் ஓடைப் பாதைக்கு வந்தது. பசி பொறுக்காமல் பொட்டு என்ற குட்டி துள்ளி முன்னால் ஓடியது. கொன்றை பாய்ந்து பாதையின் குறுக்கே நின்றாள். அவள் மூக்கில் இரும்பு வாசம் அடித்தது. ஒரு குத்துப் புல் மட்டும் காற்றில்லாமலே வளைந்திருந்தது.

"விலகு!" என்றான் முக்கிளையன்.

கத்த வாயெடுத்த கொன்றை, கோபத்தை மென்று விழுங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விலகுகிறேன், தலைவரே. ஆனால் தலைவர் இருக்கும்போது குட்டி முதலில் போகலாமா? நீங்கள் போங்கள். அதோ, அந்த வளைந்த புல்லின் மேல் கால் வையுங்கள். பின்னாலேயே நாங்கள் வருகிறோம்."

எல்லாக் கண்களும் முக்கிளையன்மீது திரும்பின. அவன் நெஞ்சை நிமிர்த்தி வந்தான். முன்னங்காலைத் தூக்கினான். இரும்பு வாசம் அவனுக்கும் அடித்தது.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"என்ன தலைவா, தரை சுடுகிறதா?" என்று அத்திமரத்திலிருந்து கேட்டான் கரிமுகன்.

பொட்டுவுக்குச் சூது தெரியாது. அது அவனை அண்ணாந்து பார்த்து, "வையுங்கள் பெரியப்பா. மாட்டினால் என்ன? ஆறிவிடும் அல்லவா?" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தரத்தில் நின்ற காலை எல்லோரும் பார்த்தார்கள். அது மெல்லப் பின்னால் போய், வந்த தடத்திலேயே இறங்கியது.

"புல்லில் பனி அதிகம்" என்றான் முக்கிளையன். "குட்டிகளுக்குச் சளி பிடிக்கும்."

கொன்றை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். 'அன்று உன்னை விட்டுவிட்டு ஓடினேன்' என்று அவன் இப்போதாவது சொல்வான் என நினைத்தாள். அவன் சொல்லவில்லை.

"உங்கள் கால் என்றதும் கண்ணி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா தலைவரே?" என்றாள். அவன் பதிலுக்கு நிற்காமல் மேட்டை நோக்கித் திரும்பினாள்.

ஒவ்வொன்றாக மான்கள் அவள் பின்னால் நடந்தன. அவள் நொண்டிய வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடந்தன. எல்லோருக்கும் கடைசியில், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முக்கிளையன் வந்தான்.

பாதி மேட்டில் பொட்டு அவளை ஒட்டி வந்து கேட்டது: "அக்கா, உண்மையாகவே உனக்கு ஆறிவிட்டதா?"

கொன்றை மூச்சு வாங்க நின்றாள்.

"கால் ஆறிவிட்டது" என்றாள். "கால் மட்டும்."

நீதி: பட்டவர் தம் காயத்தை ஆற்றிக்கொண்டார் என்பதால், கைவிட்டவர் செய்த தவறு இல்லை என்று ஆகிவிடாது.